அறுபதைத் தாண்டியவருக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன்: எத்தனை கிலோ குறையும்?

"அதிகப்படியான எடையில 60, 65 சதவீதம் குறையும்மா" என்று டாக்டர் சொன்னபோது பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவருக்கு வயது 63. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 98 கிலோ. மதுரை கோரிப்பாளையத்திலிருந்து வில்லாபுரத்துக்கு ஆட்டோவில் திரும்பும்போதே பெரியப்பா கணக்குப் போட்டுவிட்டார். "நூறுல அறுபது போனா நாப்பது. அம்புட்டு எதுக்கு, பாதி குறைஞ்சாலே போதும். அம்பதுக்கு வந்துருவ." அன்று ராத்திரிக்குள் அந்த ஐம்பது வீட்டில் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது. பழைய பட்டுச்சேலை ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டாம், அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்று சித்தி போனில் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்துத் தராசு 76 காட்டியது. 22 கிலோ குறைந்திருந்தும் வீட்டில் ஒருவருக்கும் திருப்தியில்லை. "இவ்வளவு செலவு பண்ணி இவ்வளவுதானா?" என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். ஆபரேஷன் சரியாகப் பண்ணவில்லையோ என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். தான் ஏதோ திருட்டுத்தனமாகத் தின்றதாக நினைக்கிறார்களோ என்று பெரியம்மாவுக்கு மனக்கஷ்டம். ஆனால் டாக்டர் சொன்ன சதவீதத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நின்ற எண்தான் அந்த 76. தப்பு நடந்தது ஆட்டோவில்.

இந்த அறுவையின் பலனை மருத்துவர்கள் இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். மொத்த உடல் எடையில் எத்தனை சதவீதம் போனது என்பது ஒன்று. 'அதிகப்படியான எடை'யில் எத்தனை சதவீதம் போனது என்பது இன்னொன்று. அதிகப்படி என்றால் பெரும்பாலும் பி.எம்.ஐ. (உயரத்துக்குத் தக்க எடையா என்று காட்டும் எண்) 25-க்கு மேலே நிற்கிற எடை. 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்பது 60 கிலோ. 98-இல் 60 போக மிச்சம் 38. டாக்டர் சொன்ன 60, 65 சதவீதம் இந்த 38-க்குத்தான். அதாவது 23 முதல் 25 கிலோ. தராசு பாஷையில் சொன்னால், "நீங்க 73, 75 பக்கம் வருவீங்க". அதே 24 கிலோவை மொத்த எடையில் சொன்னால் 25 சதவீதம், நாலில் ஒரு பங்கு. 65 சதவீதம் என்று கேட்ட காதுக்கும் நாலில் ஒரு பங்கு என்று கேட்ட காதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இரண்டும் ஒரே கிலோதான்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பெரிய சதவீதம் கேட்க நன்றாக இருப்பதால் அதையே சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் 'முன்–பின்' படங்களில் இருப்பவர்களும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது அம்மா தன்னை அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்ப்பார். ஆகவே முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுக் கேளுங்கள்: "என் உயரத்துக்கு, என் வயசுக்கு, ஒரு வருஷம் கழிச்சுத் தராசு எத்தனை காட்டும்? அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை?" பதிலைக் கிலோவில் வாங்கி, சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

பொதுவான கணக்கு இது. இரைப்பையை நெடுக வெட்டிக் குழாய் போல ஆக்கும் 'ஸ்லீவ்' முறையில் சராசரியாக மொத்த எடையில் 25 சதவீதம் குறையும். சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறையில் 30 சதவீதம். அடிமட்டத்தைத் தொடுவது 12 முதல் 18 மாதத்துக்குள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதில் சில புள்ளிகள் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குக்குள் வந்தால் அது நல்ல பலன். 98 கிலோக்காரருக்கு அது 20 முதல் 24 கிலோ. இவை சராசரிகள், 15 கிலோவோடு நின்றவரும் உண்டு, 32 கிலோ குறைந்தவரும் உண்டு.

வயிற்றைச் சின்னதாக்கினால் எடை குறைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். வெட்டி எடுக்கிற மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் பைதான் இரைப்பையாக மிஞ்சும். சாப்பாடு குடலின் பின்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதால் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. "முன்னாடி சாப்பிட்டு எந்திரிச்சாலும் மனசு இலையிலயே கிடக்கும், இப்ப அது இல்ல" என்று பெரியம்மா சொன்னது இதைத்தான்.

ஆனால் உடம்பும் சும்மா இருக்காது. எடை குறையக் குறைய அது செலவைக் குறைத்துக்கொள்ளும், சம்பளம் குறைந்த வீட்டில் கரண்ட் பில்லைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பது போல. எங்கேயோ ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். அந்த இடத்தில் தராசு நின்றுவிடும்.

அறுபதுக்கு மேல் அந்த இடம் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுகிறது. 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிறந்த குழந்தை முதல் 95 வயதுவரை 6,400-க்கும் மேற்பட்டவர்களின் தினசரிச் சக்திச் செலவை அளந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. 60-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குகிறது. அதோடு தசை குறைந்திருக்கும். முழங்கால் தேய்ந்திருப்பதால் நடை குறைந்திருக்கும். இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரியான சர்க்கரை மருந்துகள், ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள் எல்லாமே எடையைப் பிடித்து வைப்பவை. இந்த வயதில் இவற்றில் ஒன்றாவது பலருக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அத்தோடு ஒன்று: 25 வயதில் 20 கிலோ குறைப்பவர் சாயங்காலம் பேட்மிண்டன் ஆடப் போவார். 63 வயதில் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதே பெரிய காரியம்.

சரி, குறைந்தது அப்படியே நிற்குமா? நிற்காது, கொஞ்சம் திரும்பி வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி மனக்கஷ்டம் போய்விடும். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், அறுவை செய்துகொண்டவர்களின் எடை இரண்டாம் வருஷம் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் வருஷம் 17. இருபதாம் வருஷம் 18. முதல் ஏற்றத்துக்குப் பிறகு அங்கேயே நின்றுவிட்டதைக் கவனியுங்கள். (அதில் பலருக்குச் செய்தது இப்போது வழக்கொழிந்துவிட்ட பழைய முறைகள்.) பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு 240 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பத்தாம் வருஷ முடிவில் அதிகப்படி எடையில் ஸ்லீவ் செய்தவர்களுக்கு 43.5 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களுக்கு 50.7 சதவீதமும் குறைந்தே இருந்தது. பெரியம்மாவின் 38 கிலோவுக்கு அந்த 43.5-ஐப் போட்டால் பதினாறரை கிலோ. அதாவது பத்து வருஷம் கழித்து 81, 82-இல் இருந்தாலும் அது அந்த ஆய்வின் சராசரிதான். இப்போது மூன்றாம் வருஷத்தில் அவர் 79.

நான்காம் மாதம் எடை நின்றுபோன கதையையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஏழு கிலோ இறங்கியது. அதில் ஒரு பகுதி தண்ணீராகத்தான் இருக்கும். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரை கரையும்போது அதோடு கட்டிக்கிடந்த தண்ணீரும் போகும். அதைப் பார்த்துவிட்டு மாதம் ஏழு என்று மனசு பழகிவிடுகிறது. நான்காம் மாதம் தராசு 84-இல் உட்கார்ந்தது. ஐந்து வாரம் அசையவே இல்லை. தினமும் காலையில் குளிக்கும் முன் ஒரு தடவை, குளித்த பின் ஒரு தடவை, தராசை அடுப்படித் தரையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை வைத்து ஏறிப் பார்த்தார். அந்த ஐந்து வாரத்தில் வேறொன்று நடந்தது. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் பெரியம்மா ஏறுவார். ஒருநாள் வடகம் காயப்போட்டதை எடுக்க மழை வருமுன் ஓடினவர், ஒரு படிக்கு ஒரு கால் வைத்து ஏறிவிட்டார். மேலே போய் நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அது ஆச்சரியமே இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்து 2005-இல் செய்த ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நாலு கிலோ பளு குறைகிறது என்று கண்டது. 22 கிலோவுக்கு 88 கிலோ. ஏறக்குறைய அவருடைய பழைய மொத்த எடை, ஒவ்வொரு அடிக்கும் இறங்கிப் போயிருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. வலி முழுக்கப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நடை திரும்பும்.

சர்க்கரையிலும் இதே அளவு நிதானம் வேண்டும். "ஆபரேஷன் பண்ணா சுகரே போயிரும்" என்ற பேச்சு ஊரில் பலமாக இருக்கிறது. நோய் வந்து சில வருஷமே ஆனவர், மாத்திரையோடு நிற்பவர் என்றால் அது நடக்க வாய்ப்பு அதிகம். பதினைந்து வருஷச் சர்க்கரை, அதிலும் இன்சுலின் போடுபவர் என்றால் கணையம் களைத்துப் போயிருக்கும். வயதும் சேர்ந்து அந்த வாய்ப்பைக் குறைக்கும். பெரியம்மாவுக்குப் பதினாலு வருஷச் சர்க்கரை. இரண்டு வேளை ஊசி ஒரு வேளையானது, அளவும் பாதிக்குக் கீழே வந்தது, மூன்று பிரஷர் மாத்திரை ஒன்றானது. என்னைக் கேட்டால் அந்த 22 கிலோவைவிட இது பெரிய லாபம். ஆனால் ஒரு எச்சரிக்கை. சாப்பாடு சட்டென்று குறைந்த வாரங்களில் பழைய அளவு சர்க்கரை மருந்தும் பிரஷர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கி, பிரஷர் இறங்கி, பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு மதுரை கத்தரி வெயிலில் இது இன்னும் ஆபத்து. ஒரே மூச்சில் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிற வயிறு இப்போது கிடையாது. மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடித்தால்தான் ஒன்றரை லிட்டர் சேரும்.

குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் நன்றாகக் குறையும். அதற்காக மூச்சு மெஷினைத் தானாகவே பரணில் ஏற்றிவிடக் கூடாது. திரும்பவும் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயம். தராசுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். போன 22 கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அது சொல்லாது. இந்த அறுவைக்குப் பிறகு குறையும் எடையில் நாலில் ஒரு பங்கு, சிலருக்கு மூன்றில் ஒரு பங்குகூட, கொழுப்பு அல்லாத பகுதியாக இருக்கும். முப்பது வயதில் தசையைத் திருப்பிக் கட்டிவிடலாம். அறுபதுக்கு மேல் அது வெகு மெதுவாகத்தான் வரும். ஆகவே வேகமாக 35 கிலோ குறைந்து, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கை தேடுகிற ஆளைவிட, 20 கிலோ குறைந்து தண்ணீர்க்குடத்தைத் தூக்குகிற ஆளே நன்றாக இருக்கிறார் என்பேன். வயதானவர்களுக்கு இளைஞர்களின் எண் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

தசைக்குப் புரதம் வேண்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 வரைகூடச் சொல்வார்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர் தன் டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.) இங்கேதான் நம்ம ஊர்ச் சாப்பாடு உதைக்கிறது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். 60 கிராமுக்கு முப்பது இட்லி. ஆபரேஷன் ஆன இரண்டாம் மாதம் பெரியம்மா ஒரு இட்லி சாப்பிட இருபத்தைந்து நிமிஷம் ஆனது. விண்டு, நசுக்கி, சின்னக் கரண்டியில் எடுத்து, வாயில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மென்று விழுங்குவார். முக்கால் இட்லியில் ஒரு ஏப்பம் வந்தால் அதுதான் அவருக்கு மணி. அதற்கு மேல் ஒரு வாய் போனால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும், இல்லை திரும்பி வெளியே வரும். அப்படிப்பட்ட வயிற்றில் அந்த ஒரு இட்லிக்கு இடம் கொடுப்பதா, ஒரு முட்டைக்கு இடம் கொடுப்பதா? முட்டையில் 6 கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. பனீரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அயிரை மீன் குழம்பில் குழம்பை விட்டு மீனை எடுங்கள் என்று டயட்டீஷியன் சொன்னது எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எலும்பு சூப்பில் தெம்பு என்கிறோம். புரதக் கணக்கில் அது பெரிதாக எதுவும் தராது, உள்ளே கிடக்கும் கறியைத் தின்றால்தான் உண்டு. சைவக்காரர்களுக்குப் பாசிப்பருப்பு, சுண்டல், பனீர், கெட்டித் தயிர், அதற்கும் மேலே பெரும்பாலும் புரதப் பொடி தேவைப்படும். தட்டில் புரதத்தை முதலில் முடித்துவிட்டு மிச்ச இடத்துக்குத்தான் இட்லியும் சோறும்.

இன்னொரு பக்கம், சின்ன வயிற்றை ஏமாற்றும் சாப்பாடும் நம் ஊரில் நிறைய. ஜிகர்தண்டா தெருவில் இறங்கினால் ஒரு கிளாஸ் சர்க்கரையும் பாலும் ஐஸ்கிரீமும் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கறி ஒரு துண்டுக்கு மேல் இறங்காத அதே வயிற்றில் காராச்சேவு ஒரு பொட்டலம் இறங்கும், வாயிலேயே கரைந்துவிடுவதால். இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு எடை ஏறுவதற்குப் பெரும்பாலும் இந்த வழுக்கும் பண்டங்கள்தான் வழி. பைபாஸ் செய்தவர் சர்க்கரைப் பானம் குடித்தால் பலருக்குப் படபடத்து, வியர்த்து, வயிறு பிசையும். அது ஒரு விதத்தில் காவல்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முழங்கால் வலிக்காரர்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு ஆகவே ஆகாது. இணைப்புப் போட்ட இடத்தில் புண் வந்து, ரத்தம் கசிந்து, ஓட்டைகூட விழலாம். மெடிக்கல் கடைக்காரருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் பர்ஸில் ஆதார் அட்டையோடு ஒரு துண்டுச்சீட்டு எப்போதும் இருக்கிறது: எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மாத்திரை கூடாது.

பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியவை. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டவருக்கு பி-12 ஏற்கெனவே குறைந்திருக்கும். கால்சியத்தையும் இரும்பையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும், சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும். அறுவைக்குப் பிறகு அது இன்னும் வேகப்படுவதால் முன்கூட்டியே எலும்பு ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லது. முடி கொட்டுவது மூன்றாம் மாதம் தொடங்கிச் சில மாதத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தொடர் வாந்தியைப் பார்த்து. முதல் சில மாதங்களில் நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் தயமின் என்ற பி-1 சத்து தீர்ந்துபோய், நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழம்பும். இளைஞருக்கு இப்படி ஆனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுவோம். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஆனால் "வயசாயிருச்சு, தடுமாறுது" என்று வீட்டிலேயே வைத்துவிடுகிறோம். பக்கத்துக் கிளினிக்கில் சும்மா குளுக்கோஸ் ஏற்றுவது இதை இன்னும் மோசமாக்கும். தயமின் ஊசி முதலில் போக வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், நோயாளி அல்ல.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த வயதில் எதற்கு வம்பு என்று தோன்றலாம். சிலருக்கு அதுவே சரியான முடிவு. ஆனால் வயதை மட்டும் வைத்து 'முடியாது' என்று சொல்லும் காலம் போய்விட்டது. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த பழைய வரையறைகளை மாற்றி 2022-இல் உலக, அமெரிக்க அறுவைச் சங்கங்கள் சேர்ந்து புது வழிகாட்டி வெளியிட்டன. அதில் வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. பார்க்க வேண்டியது உடம்பின் நலிவை: நடை வேகம், பிடி பலம், இதயம், நுரையீரல், ஞாபகம். 70 வயதில் வயலுக்கு நடந்து போகிறவரும் இருக்கிறார், 58-இல் சுவரைப் பிடித்து நடக்கிறவரும் இருக்கிறார். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-லிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு முதியவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. உயிராபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 4,776 பேரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். வயதும் கூடவே மற்ற நோய்களும் சேரும்போது இது கூடும்.

காசு விஷயம் சுருக்கமாக. தனியாரில் சில லட்சம் ஆகும். தனியார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளுக்கு 2019-இல் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லை, 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கு அடங்காத சர்க்கரை போன்ற ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையில் மற்ற வழிகளை முயன்று பலனில்லை என்பதும் தெரிய வேண்டும். ஆகவே பழைய டயட் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருஷம் என்று முதலில் பாருங்கள்.

ஊசியில் குறைக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைடு அதே வருஷம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆய்வுகளில் செமாகுளூடைடு 15 சதவீதமும் டிர்செபடைடு முழு அளவில் 20 சதவீதம் பக்கமும் குறைத்தன. கத்தி வைக்க முடியாத உடம்புக்கு இது நல்ல வழி. நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும், தசை போவது இதிலும் உண்டு.

வெளியே சொல்லாத ஒரு கஷ்டம் இருக்கிறது. முகம். இளம்வயதில் தோல் ஓரளவு சுருங்கிக்கொள்ளும். அறுபதுக்கு மேல் கன்னமும் கழுத்தும் மேல்கையும் தொங்கும். ஆறாம் மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் தூரத்துச் சொந்தம் ஒருத்தர் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, இப்படி ஒட்டிப் போயிட்டீங்க, சுகரு கூடிருச்சா?" என்று கண்கலங்கினார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்தால் பரிமாறுகிறவர் விட மாட்டார். "சாப்பாடு சரியில்லையா?" என்று கல்யாண வீட்டுக்காரரே வந்து நிற்பார். இந்த ஊரில் சாப்பிடாமல் எழுவது மரியாதைக் குறைவு. கொஞ்ச நாள் அவர் விசேஷங்களுக்கே போகவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்: இலையில் உட்காராமல் மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வது. பை நிறைய வறுத்த நிலக்கடலை.

இப்போது அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. எடை ஒன்றாம் தேதி மட்டும். தராசு மிச்ச நாள் பீரோவுக்கு அடியில். அடுத்த ரத்தப் பரிசோதனை தேதிக்குச் சிவப்பு வட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் வேறொரு எண் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த சோதனை: சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. 65-லிருந்து 69 வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே என்றால் கால் பலம் போதாது, விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். அதே வயது ஆணுக்கு 12. ஆபரேஷனுக்கு முன்னால் பெரியம்மாவுக்கு ஆறு. 76 கிலோவுக்கு வந்து எல்லோரும் முகத்தைச் சுளித்த அந்த மாதம் ஒன்பது. அதற்குப் பிறகுதான் வாரம் மூன்று நாள் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்யத் தொடங்கினார். எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. போன ஞாயிறு பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 13.